நரிப்பாறையில் நூற்றைம்பது மீட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு ஏரிக்கரையில் வந்து நின்றவர்கள்:

இசக்கிபாண்டி. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பாவூர்சத்திரம் பக்கத்துக்காரன். பச்சை கியர் சைக்கிள். அதில் கேரியர், ஸ்டாண்டு, மணி, பூட்டு எல்லாம் உண்டு.

சாம்சன். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நரிப்பாறை மலைக்குக் கிழக்கே அடிவாரத்து ஊர் அவனுடையது. மலையே தன்னுடையது என்று நினைப்பு. கறுப்புச் சைக்கிள். பின் பிரேக் மட்டும் பிடிக்கும்.

பாண்டிச்செல்வி. சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். சங்கரன்கோவில். சிவப்புச் சைக்கிள். ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும்.

நான், வனமாமலை. நைட் ஷிப்ட் வேலையை விட்டு மூன்று மாதம். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

வராதவன்: சுடலைக்கண்ணு. ஓ.டி. என்று சொல்லியிருந்தான். அறையில் தூங்கிக்கொண்டிருந்தான், நான்தான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மலைமேல் சைக்கிள் போகப் புதுப் பாதை கண்டுபிடிப்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்தப் பக்கத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். எங்களுக்குள்ளேயே அந்தக் கேள்வி உண்டு. நரிப்பாறையின் உயரம் செல்போன் கணக்கில் கடல் மட்டத்திலிருந்து நூற்றுப் பதினெட்டு மீட்டர். அதில் ஏரிக்கரையே நாற்பது மீட்டர் எடுத்துக்கொள்கிறது.

"மிச்சம் எழுவத்தெட்டு" என்றான் இசக்கிபாண்டி. "எங்க ஊர்ல இதுக்கு மலைன்னு பேரு வைக்க மாட்டாவ. பொத்தைன்னு கூடச் சொல்லமாட்டாவ. ஆடு ஏறி நின்னு அங்கிட்டு இங்கிட்டுப் பாக்கும், அவ்வளவுதான்."

"உங்க ஊர்ல அவ்ளோ பெரிய மலய வச்சிக்கினு, இங்க இன்னாத்துக்குபா வந்தீங்க?" என்றான் சாம்சன். "அங்கயே ஏறிகினு இருக்க வேண்டியதானே."

"அங்க கம்பெனி இல்லல்லா."

"இங்க கம்பெனியும் கீது, மலையும் கீது. மரியாதையா ஏறு."

பாண்டிச்செல்வி இதையெல்லாம் கேட்கவில்லை. டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நரிப்பாறை உச்சிக்கு இது அவளுக்கு ஐந்தாவது முயற்சி. நாலு ஞாயிறும் பாதியில் திரும்பிவிட்டாள். காரணம் மலை இல்லை, விடுதி. ஞாயிறு இரண்டு முதல் ஆறு வரைதான் வெளியே விடுவார்கள். அவள் ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போனவள். மூன்றாவது முறை என்றால் விடுதியிலிருந்து அப்பாவுக்குப் போன் போகும். அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: ஒரு புகார் வந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து பெட்டியோடு கூட்டிப்போவேன் என்று. அவர் சொன்னால் செய்கிறவர் என்று அவள் சொன்னாள். மிரட்டல் மாதிரி இல்லாமல், பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

போதாக்குறைக்கு அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு வார விடுப்பு புதன்கிழமைக்கு மாறுகிறது. அதற்குப் பிறகு நாங்கள் நாலு பேரும் ஒன்றாக நிற்க நாளில்லை.

மலைக்கு மேற்கே விடுதி, கிழக்கே சாம்சன் ஊர். மேற்குச் சரிவு ஏற முடியாத செங்குத்து, இறங்கலாம். கிழக்கே ஏறி, முகட்டு வழியாக உச்சியைத் தொட்டு, மேற்கே இறங்கினால் நாலு மணி நேரத்துக்குள் முடியும். அந்தக் குறுக்குப் பாதையைத்தான் இரண்டு வாரமாகத் தேடினோம். எங்கள் ஷிப்டுகள் ஒத்துவரவில்லை. ஆகவே இசக்கிபாண்டி அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் வேலையைப் பிரித்தான். சாம்சனுக்குக் கிழக்கு ஏற்றம். பகலெல்லாம் சும்மா இருக்கும் எனக்கு முகடு. தனக்கு மேற்கு இறக்கம். கம்பெனி லைனில் போல ஆளுக்கொரு ஸ்டேஷன். அவரவர் போன நாளில் அவரவர் பாதையைச் செல்போனில் பதிந்து குரூப்பில் போட்டோம். அவன் அதையெல்லாம் சேர்த்து ஒரு சார்ட் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து, கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"ஏத்தம் முப்பத்தஞ்சு நிமிசம். முகடு இருவது. இறக்கம் இருவத்தஞ்சு. எல்லாம் போக பஃபர் நாப்பத்தஞ்சு நிமிசம் இருக்கு" என்றான்.

"அண்ணாச்சி, டீக்கு எத்தன நிமிசம் போட்டிருக்கிய?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

"டீ இல்ல."

"மூத்திரத்துக்குப் போட்டு கீறியா?" என்றான் சாம்சன்.

இசக்கிபாண்டி சார்ட்டைப் பார்த்தான். போட்டிருந்தான். நாலு நிமிடம்.

மூன்று மணிக்குச் சாம்சனின் ஊரைக் கடந்தோம். அவன் வீட்டு வாசலில் அவன் அக்கா ஷெர்லின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, "மலைக்கா? போன வாரமும் சொல்லிட்டுப் போயி பாதியில வந்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டு மறுபடி துணிக்குத் திரும்பினாள். சாம்சன் வேகமாக மிதித்தான்.

ஏற்றம் நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சரளைக்கல், பிறகு வழுக்குப் பாறை, பிறகு இரண்டு பக்கமும் முள். பாண்டிச்செல்வி முன்னால் போனாள். வாரம் ஆறு நாள் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிற கால் அது. நான் மூன்று மாதமாகப் படுத்தே கிடந்தவன். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன்.

"பேர்ல மட்டும் மலை இருந்தா போதுமால?" என்றான் பின்னாலிருந்து இசக்கிபாண்டி. அவனும் தள்ளிக்கொண்டுதான் வந்தான்.

மூன்று நாற்பதுக்குச் சாம்சனின் பாதை முடிந்தது. அவன் சைக்கிளை நிறுத்திக் கையை விரித்தான்.

"இத்தோட என் வேல முடிஞ்சிது. இனிமே வனம் ஏரியா."

என் பாதை அங்கே இல்லை. எதிரே பள்ளம். பழைய கல்குவாரி. இருபது அடி ஆழம், அடியில் பச்சைத் தண்ணீர். நான் நடந்து பதிந்த முகடு பள்ளத்துக்கு அந்தப் பக்கம், வெயிலில், எந்தக் கவலையும் இல்லாமல் ஆரம்பித்தது.

ஒரு கொக்கு தண்ணீரிலிருந்து எழுந்து போனது.

"வனம், நீ எப்படில அங்க போன?" என்று கேட்டான் இசக்கிபாண்டி.

"வடக்கால ஏறிப் போனேன். நடந்துதான். மேல போன பொறவுதான் செல்போனை ஆன் பண்ணேன்."

"சாம்சன், நீ இங்க வந்து நின்னப்ப இந்தக் குழியப் பாக்கலியா?"

"பாத்தேன். சின்ன வயசுலேர்ந்து பாத்துகினு கீறேன். இங்கதான் நீச்சல் கத்துக்கினேன். அதுக்கப்புறம் வனம் பாத்துப்பான்னு நெனச்சேன்."

இசக்கிபாண்டி உறையிலிருந்து சார்ட்டை எடுத்தான். கிழக்கு ஏற்றத்துக்கும் முகட்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தான். மேலே எழுதியிருந்தது: நூற்றைம்பது மீட்டர், இணைப்பு, இரண்டு நிமிடம்.

"இது யாரு போன பாதை அண்ணாச்சி?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

"யாரும் போகல. படத்துல ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நெகத்தளவு இடம்தான் இருந்துச்சி. சேத்துட்டேன்."

நான் சொல்லியிருக்க வேண்டும். குரூப்பில் அவன் சார்ட்டைப் போட்ட அன்றே அந்த இடைவெளியைப் பார்த்தேன். விரலால் பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். என் முகடு சரியாக இருந்தது, அதற்கு மேல் எனக்கு என்ன என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதை அப்போது சொன்னேன்.

"நான் பார்த்தேன். இடையில ஒண்ணுமில்லன்னு தெரியும். என் ஸ்டேஷன் இல்லன்னு விட்டுட்டேன்."

இசக்கிபாண்டி வாயைத் திறந்தான். அதற்குள் சாம்சன், "நானும்தான் பாத்தேன்" என்றான். "கோடு நேரா தண்ணி மேல போகுதேன்னு கூட நெனச்சேன். படகுல போவாங்க போலன்னு விட்டுட்டேன்."

பாண்டிச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "நானும் பாத்தேன்ண்ணே. நீங்க மூணு பேரும் ஆம்பளைக, கூடிப் பேசி முடிவு பண்ணியிருப்பியன்னு நெனச்சேன்."

நாலு பேரும் கம்பெனியில் வேலை பார்த்துக் கெட்டுப்போனவர்கள். எங்கள் இடத்துக்கு வரும் பொருளைப் பார்ப்போம், முடித்து அனுப்புவோம். பக்கத்து ஆள் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்த்தால் சூப்பர்வைசர் கத்துவார். இங்கே சூப்பர்வைசரும் எங்களோடு சேர்ந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திரும்பிரலாம்" என்றான் இசக்கிபாண்டி. "வந்த வழியே போனா அஞ்சு மணிக்கெல்லாம் விடுதி. ஒரு பிரச்சினையும் இல்ல."

அது சரியான பேச்சு. பாண்டிச்செல்வி மணி பார்த்தாள். மூன்று நாற்பத்தெட்டு. பிறகு பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து கீழே பார்த்தாள். இந்தப் பக்கம் லாரி இறங்கிய சரிவு அப்படியே இருந்தது. தண்ணீர் ஓரமாக நடக்க இடம் இருந்தது. அந்தப் பக்கம்தான் சிக்கல். பாறையை மூன்று படியாக வெட்டியிருந்தார்கள், ஒவ்வொரு படியும் ஆள் உயரம்.

"முகட்டுக்கும் இறக்கத்துக்கும் உண்மையிலயே எவ்வளவு நேரம்?"

"நாப்பத்தஞ்சு நிமிசம்."

"கீழேருந்து விடுதிக்கு அரை மணி. அப்ப நாலே முக்காலுக்குள்ள அந்தப் பக்கம் மேல நின்னா போதும். ஒரு மணி நேரம் இருக்கு."

"செல்வி, சறுக்கிருச்சின்னா ஒங்கப்பாதான் வந்து நிப்பாரு" என்றான் இசக்கிபாண்டி.

"வந்தா என்னையத்தான கூட்டிட்டுப் போவாரு. ஒங்கள இல்லல்லா" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைச் சரிவில் இறக்கினாள்.

நாங்களும் இறங்கினோம். இறங்காமல் இருக்க எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

படிகளுக்குக் கீழே போனதும் அவள் எங்களைப் பிரித்து நிறுத்தினாள். நெட்டையன் என்று என்னைத் தரையில். குள்ளம் என்று சாம்சனை முதல் படியில், அதுதான் அகலம். இசக்கிபாண்டி இரண்டாவது படி. அவள் மேலே. நான் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், சாம்சன் குனிந்து வாங்கித் திரும்பி உயர்த்த வேண்டும், அப்படியே மேலே.

"பக்கத்து ஆளப் பாத்துக்கிட்டே செய்யணும்" என்றாள் மேலேயிருந்து. "என் வேல முடிஞ்சிட்டுன்னு யாரும் கைய விடக்கூடாது. வனம்ண்ணே, ஒங்களத்தான்."

முதல் மூன்று சைக்கிள்கள் ஒழுங்காகப் போயின. நாலாவது இசக்கிபாண்டியுடையது. என்னால் மார்புக்கு மேல் தூக்க முடியவில்லை.

"இன்னாத்தடா இதுல கட்டி வச்சிகீற?" என்று கத்தினான் சாம்சன். "என் ஃபோர்க்லிஃப்ட்டு கூட இத தூக்காது."

"ஸ்டாண்டு கொஞ்சம் கனமான ஸ்டாண்டு" என்றான் இசக்கிபாண்டி மெதுவாக.

"மலைக்கு எதுக்குடா ஸ்டாண்டு? மேல போயி நிறுத்திட்டு ஷாப்பிங் பண்ணப் போறியா?"

கேரியரில் கட்டியிருந்த பையில் ஸ்பானர் இருந்தது. அதை வைத்துக் கேரியரையும் ஸ்டாண்டையும் கழற்றினேன். பிறகு தூக்க முடிந்தது. கழற்றியதை அவன் அங்கே விட மறுத்தான். ஸ்டாண்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினான். சார்ட்டைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை, அது தண்ணீரில் மிதந்தது.

நாங்கள் எல்லோரும் மேலே வந்தபோது நாலு முப்பத்தாறு. என் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. பாண்டிச்செல்விக்கு முழங்காலில் ரத்தம். அவள் அதைப் பார்க்கவில்லை, சைக்கிளில் ஏறிவிட்டாள்.

முகடு என்னுடைய ஸ்டேஷன். அதில் குறை இல்லை. உச்சியை நாலு ஐம்பத்தைந்துக்குத் தொட்டோம்.

உச்சியில் ஒன்றுமில்லை. ஒரு பாறை, ஓர் உடைந்த பீர் பாட்டில். கீழே நீல நிறக் கொட்டகைக் கூரைகள். திறந்தவெளியில் வரிசை வரிசையாக நம்பர் போடாத புதுக் கார்கள். ஏரி. அதற்கு அப்பால் புகை மாதிரி ஏதோ. அவ்வளவுதான். பாண்டிச்செல்வி பாறையின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு கூரையாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

"அதுதான் எங்க கம்பெனி. ரெண்டு வருசமா உள்ள போறேன், வாரேன். வெளியருந்து பாத்ததே இல்ல." விரலை மடக்கிக்கொண்டு, "சின்னதாத்தான் இருக்கு" என்றாள்.

"எழுவத்தெட்டு மீட்டர்லருந்து பாத்தாலே இப்படி இருக்கு" என்றான் இசக்கிபாண்டி. "எங்க ஊரு மலைலருந்து பாத்தா தெரியவே செய்யாது."

"உன் ஊரு மலைலேர்ந்து பாத்தா காஞ்சிபுரம் மாவட்டமே தெரியாதுடா" என்றான் சாம்சன். "போட்டோ எடு, கெளம்பலாம்."

ஐந்து இரண்டுக்குக் கிளம்பினோம். இறக்கத்தின் முதல் வளைவிலேயே இசக்கிபாண்டி சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ள ஆரம்பித்தான். சாம்சன் நின்று திரும்பினான்.

"இன்னா நைனா, இது உன் ஸ்டேஷனாச்சே. நீ ஓட்டிப் பாத்த வழிதானே?"

"ஓட்டல. நடந்து பாத்தேன்."

"அப்ப இருவத்தஞ்சு நிமிசம்னு எப்படிப் போட்ட?"

"நடந்து எழுவத்தஞ்சு நிமிசம் ஆச்சி. மூணால வகுத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாண்டிச்செல்விக்கு வரவில்லை. "நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு இடுப்பைப் பின்னால் தள்ளி, சீட்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு, நேரே கீழே விட்டாள். நான் பின்னால் போனேன். இரண்டு முறை விழுந்தேன். அவள் ஒரு முறை விழுந்தாள், நான் பக்கத்தில் போவதற்குள் எழுந்து போய்விட்டாள். அடிவாரத்துக்கு அவள் வந்தபோது ஐந்து பதின்மூன்று. பதினோரு நிமிடம். இசக்கிபாண்டியின் வகுத்தல் தப்பு என்பது இரண்டு பக்கத்திலும் நிரூபணமானது.

அடிவாரத்திலிருந்து தார்ச்சாலை வரை சீமைக்கருவேலங்காடு. அதில் அவளுடைய பின் டயரில் முள் ஏறியது. ஒரு முள் இல்லை, மூன்று. காற்று இறங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

என் சைக்கிளை அவளிடம் நீட்டினேன். அவள் ஏறிப் பார்த்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டை இறக்கப் பார்த்தேன். துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பானர் இசக்கிபாண்டியிடம், இசக்கிபாண்டி மலையில்.

"ஏண்ணே, இவ்வளவு உசரமா எதுக்கு வளந்திய?" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கேலி செய்யும்போது அவளுக்கு அப்படி ஆனதில்லை.

"சாம்சன் வருவான். அவன் சைக்கிள் உனக்குச் சரியா இருக்கும்."

நின்றோம். அவள் செல்போனைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஐந்து இருபது. இருபத்திரண்டு. ஒன்றும் செய்யாமல் நிற்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. அந்த நேரம் மட்டும் அது கைகொடுக்கவில்லை. அந்த இடைவெளியைப் பற்றி இரண்டு வார்த்தை குரூப்பில் எழுதியிருந்தால் இவள் இந்நேரம் தலைக்குக் குளித்துக்கொண்டிருப்பாள்.

ஐந்து இருபத்தைந்துக்குச் சாம்சன் வந்தான். கேட்காமலே இறங்கிச் சைக்கிளைக் கொடுத்தான்.

"பின் பிரேக்குதான் பிடிக்கும். முன்னாடி இருக்கறது சும்மா அழகுக்கு. வண்டிக்காரன் குறுக்க வந்தா வாயால கத்து."

தார்ச்சாலையில் ஏறினோம். கன்டெய்னர் லாரிகள் ஓரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. நெடுஞ்சாலை சந்திப்பில் ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. எட்டு வரை எண்ணினேன். ஒன்பதாவது பஸ்ஸின் டிரைவர் அவளைப் பார்த்து நிறுத்தி, போ என்று கையைக் காட்டினார். அவளுடைய கம்பெனி பஸ். உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் ஜன்னலில் தட்டினார்கள். அவள் தலையைத் தூக்காமல் கடந்தாள்.

விடுதி வாசலுக்கு வந்தபோது ஐந்து ஐம்பத்தெட்டு.

வார்டன் தாயாரம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரிஜிஸ்டர், கையில் பூட்டு. பாண்டிச்செல்வியை ஏற இறங்கப் பார்த்தார். முழங்கால் ரத்தம், தலையில் முள், முகமெல்லாம் கல் மாவு. பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

"போவச்சொல்ல செவப்பு. வரச்சொல்ல கறுப்பு. இன்னா கணக்கு?"

"அது பஞ்சர்ம்மா. இது ஒரு அண்ணனோடது."

"வெளியாள் வண்டி உள்ள வரக்கூடாது. ரூலு."

பாண்டிச்செல்வி சைக்கிளைத் திரும்பிப் பார்க்காமல் என் பக்கம் விட்டாள். நான் பிடித்துக்கொண்டேன். அவள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு நேரம் எழுதினாள். தாயாரம்மாள் எழுதியதை வாங்கிச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டார். ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. அது அவருக்குப் பிடித்த மாதிரித் தெரியவில்லை.

"எங்கதான் போன?"

"நரிப்பாறைம்மா. உச்சிக்கு. குவாரி வழியா ஏறி, புது வழி கண்டுபிடிச்சோம்."

"குவாரி வழியா?" தாயாரம்மாள் என்னைப் பார்த்தார். "ஏன், தெக்கால வழி இன்னா ஆச்சு? நாங்க வெறவு வெட்டிகினு தலமேல கட்டோட எறங்குவோமே. மாட்டு வண்டி போற அகலத்துக்கு இருக்குமே."

பாண்டிச்செல்வி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வனம்ண்ணே, அண்ணாச்சிட்ட சொல்லிருங்க" என்றாள். "தெக்குப் பக்கத்துக்கு ஸ்டேஷன் போட மறந்துட்டாரு."

"பேச்சு போதும். உள்ள போ. கால கழுவிட்டு மருந்து போடு. மூணாந்தடவயா எழுதலாம்னு பேனாவே எடுத்து வச்சிருந்தேன், தப்பிச்ச."

அவள் நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். தாயாரம்மாள் எழுந்து நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார். இரும்புக் கதவைச் சாத்தி, சங்கிலியைச் சுற்றி, பூட்டைப் போட்டு, பூட்டியதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.